வென்ற நாடும் வளர்ந்த கடனும்

நவாப் வாலாஜா முஹம்மது அலியின் வாழ்வு தரும் படிப்பினை

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே.

இரு கூட்டத்தார் தமக்குள் போரிட்டுக் கொண்டால் அவர்களிடையே சமாதானம் செய்து வைக்குமாறு திருக்குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்குக் கட்டளையிடுகிறது. சண்டையை நிறுத்தினால் போதும் என்று அக்கட்டளை விட்டுவிடவில்லை. சமாதானம் நீதியோடு அமைய வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஏனெனில் போரை முடிப்பது ஒரு வேலை. போரில் சிதைந்த நாட்டை மீண்டும் நிமிர்த்துவது அதைவிடப் பெரிய வேலை.

இதற்கு நம் சரித்திரத்தில் ஓர் உயர்ந்த முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 41-ஆம் ஆண்டில் ஹஜ்ரத் ஹஸன் (ரலி) அவர்கள், தமக்குப் பின்னால் பெரும்படை திரண்டிருந்தும், முஸ்லிம்களின் இரத்தம் இனியும் சிந்தக் கூடாது என்று கருதி, கிலாபத் பதவியை ஹஜ்ரத் முஆவியா (ரலி) அவர்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள். அவ்வாண்டு ஒற்றுமை ஆண்டு என்றே பெயர் பெற்றது. தம் பேரர் மூலமாக இரு பெருங்கூட்டத்தாரிடையே அல்லாஹ் சமாதானம் உண்டாக்குவான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்திருந்தது அன்று நிறைவேறியது.

இந்த முன்மாதிரியை உள்ளத்தில் இருத்திக் கொண்டு நம் தமிழகச் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டுவோம். சென்னையில் வாலாஜா சாலை, வாலாஜா பள்ளி, ஆற்காட்டுக்கு அருகே வாலாஜாபேட்டை என்று இன்றும் மக்கள் நாவில் வழங்கும் பெயருக்குரியவர் நவாப் முஹம்மது அலி. உள்நாட்டுப் போரில் வென்று நாட்டைப் பெற்றவர் அவர். ஆனால் வென்ற நாட்டை அவரால் கட்டி எழுப்ப முடியாமல் போயிற்று. ஏன் முடியவில்லை என்பதற்குரிய விடை, காவிரி பாயும் தஞ்சைத் தரணியின் வயல்களில் கிடக்கிறது.

குடும்பச் சண்டை நாட்டுச் சண்டையானது

அக்காலத்தில் கர்நாடகம் என்றால் ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட தமிழ்நாட்டுப் பகுதிகளையும் அதற்கு வடக்கே உள்ள சில ஜில்லாக்களையும் குறிக்கும். இன்றைய கர்நாடக மாநிலம் வேறு. தில்லிப் பாதுஷாவின் பெயரால் ஹைதராபாத் நிஜாம் தக்காணத்தை ஆண்டார். நிஜாமின் கீழ் ஆற்காட்டு நவாப் கர்நாடகத்தை ஆண்டார். திருச்சி, மதுரை, தஞ்சாவூர் அரசுகள் நவாபுக்குக் கப்பம் கட்ட வேண்டியவை என்பது வழக்கு.

ஆற்காட்டில் நவாயத் குடும்பத்தார் ஆண்டு வந்தனர். அக்குடும்பத்து நவாப் தோஸ்த் அலி 1740-இல் மராட்டியருடன் நடந்த போரில் உயிரிழந்தார். அவர் மகன் ஸப்தர் அலியை 1742-இல் வேலூரில் சொந்த மைத்துனரே கொலை செய்வித்தார். ஸப்தர் அலியின் சிறு வயது மகனும் 1744-இல் ஒரு திருமண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். பதவிக்காக உறவின் முறையே அற்றுப் போன காலம் அது. அந்நிலையில் நிஜாம், அயோத்திச் சீமையின் கோபாமவு ஊரைச் சேர்ந்த அன்வருத்தீன் கானை ஆற்காட்டு நவாபாக நியமித்தார். அவருடைய மக்களில் ஒருவரே நம் முஹம்மது அலி.

தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாஹிப் இந்த ஏற்பாட்டை ஒப்பவில்லை. முன்பு திருச்சி ராணி மீனாட்சிக்குச் சத்தியம் செய்து கொடுத்துக் கோட்டைக்குள் புகுந்து, பிறகு அக்கோட்டையையே தமதாக்கிக் கொண்டவர் அவர். மராட்டியரிடம் சில ஆண்டுகள் கைதியாக இருந்து, 1748-இல் விடுதலை பெற்று, பிரெஞ்சுக்காரரின் துணையோடு திரும்பி வந்தார். 1749 ஆகஸ்டில், ஹிஜ்ரி 1162-இல், ஆம்பூர்ப் போரில் முதியவரான அன்வருத்தீன் களத்திலேயே மாண்டார். முஹம்மது அலி தப்பித் திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்.

இதிலிருந்து நாடே இரண்டுபட்டது. முஸ்லிமை எதிர்த்து முஸ்லிம், ஒருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவருக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனியார் என்று வரிசை கட்டி நின்றனர்.

கொடுத்த வாக்கு

திருச்சிக் கோட்டைக்குள் முஹம்மது அலியிடம் பணமும் இல்லை. போதிய படையும் இல்லை. ஆகவே அவர் வாக்குக் கொடுத்தார். தஞ்சை மன்னர் பிரதாபசிங்கும், புதுக்கோட்டைத் தொண்டைமானும், மைசூர் தளவாய் நஞ்சராஜரும், ஆங்கிலக் கம்பெனியாரும் அவர் பக்கம் சேர்ந்தனர். மைசூராருக்கு அவர் கொடுத்த வாக்கு மிகப் பெரியது. வெற்றி கிட்டினால் திருச்சியையே தந்துவிடுவதாக ஒப்புக் கொண்டார்.

1752-இல் வெற்றி கிட்டியது. ஸ்ரீரங்கத்தில் சிக்கிக் கொண்ட சந்தா சாஹிப், தஞ்சைத் தளபதி மானோஜி உயிருக்கு உறுதி கூறிச் சத்தியம் செய்ததை நம்பி வெளியே வந்தார். அந்தச் சத்தியம் காக்கப்படவில்லை. அவர் தலை வெட்டப்பட்டு முஹம்மது அலியின் முன் கொண்டு போகப்பட்டது. மீனாட்சிக்குச் செய்த சத்தியத்தை முறித்தவர், முறிக்கப்பட்ட சத்தியத்தால் மாண்டார்.

ஹஜ்ரத் ஹஸன் (ரலி) அவர்களின் வழியை நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. போட்டியாளர் மறைந்து விட்டார். எல்லாரையும் அழைத்துச் சமாதானம் பேசி, கொடுத்த வாக்கை நிறைவேற்றியிருந்தால், அல்லது நிறைவேற்ற இயலாததை வெளிப்படையாகப் பேசித் தீர்த்திருந்தால், நாடு மூச்சு விட்டிருக்கும். முஹம்மது அலியோ திருச்சியைத் தர மறுத்துக் காலம் கடத்தினார். ஏமாந்த மைசூரார் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து கொண்டு அதே திருச்சியை மீண்டும் முற்றுகையிட்டனர். மேலும் இரண்டு ஆண்டுகள் போர் நீடித்தது. அந்த மைசூர்ப் படையில் அன்று ஒரு சிறு தலைவராக நின்றவர் ஹைதர் அலி. அவரைப் பின்னால் மீண்டும் சந்திப்போம்.

இந்தப் போரின் அடி தஞ்சை விவசாயிகள் தலையில் விழுந்தது. திருச்சிக்குக் கிழக்கே கல்லணைப் பக்கத்தில் காவிரியும் கொள்ளிடமும் மிக நெருங்கி ஓடுகின்றன. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. இடையிலுள்ள கரை உடைந்தால் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணே கடலுக்குப் போய்விடும். தஞ்சைத் தரணியில் நாற்றங்காலுக்கும் தண்ணீர் இராது. 1754-இல் பிரெஞ்சுப் படை கோவிலடியருகே அந்தக் கரையைத்தான் வெட்டி விட்டது. நவாபுக்கு உதவி செய்த தஞ்சைக்குக் கிடைத்த கூலி அது.

கடனை அடைக்கக் கடன்

1763-இல் பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்து கொண்ட உடன்படிக்கையில் முஹம்மது அலியே கர்நாடகத்தின் நவாப் என்று ஒப்புக் கொண்டனர். 1765-இல் தில்லிப் பாதுஷா ஷா ஆலம், நிஜாமுக்கு அடங்காத தனி ஆட்சி உரிமையை அவருக்கு வழங்கினார். வாலாஜா என்ற பட்டம் அக்காலத்தில் வந்ததுதான். உயர்ந்த அந்தஸ்துடையவர் என்பது அதன் பொருள்.

அந்தஸ்து உயர்ந்த வேளையில் கஜானா காலியாகக் கிடந்தது. தாங்கள் நடத்திய போர்களின் செலவு முழுவதையும் கம்பெனியார் நவாபின் கணக்கில் எழுதினர். செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் ஜாகீராகக் கொடுத்தும் கடன் தீரவில்லை. கம்பெனிக்குத் தவணை கட்டுவதற்காக, நவாப் அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கடன் வாங்கத் தொடங்கினார். வட்டி நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு இருபது, இருபத்தைந்து, சில வேளைகளில் முப்பதுக்கும் மேல் ஏறியது. 1767-இல் கடன்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்தார்கள். திரட்டிய பிறகும் புதுக்கடன் நிற்கவில்லை.

இந்தக் கடனின் சூட்சுமத்தை நாம் கவனிக்க வேண்டும். சென்னைக் கோட்டையில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர் பணம் கொடுப்பார். அதற்கு ஈடாக ஒரு சீமையின் நிலவரியை நவாப் எழுதிக் கொடுப்பார். வரி வசூலாகும் வரை வட்டி ஓடிக் கொண்டே இருக்கும். வரி குறைந்தால் குத்தகைக்காரர் குடியானவரை இன்னும் நெருக்குவார். கடன் கொடுத்தவர்களில் பலர் கவர்னரின் ஆலோசனைச் சபையிலேயே அங்கம் வகித்தவர்கள். நவாப் எந்த நாட்டின் மீது படையெடுக்கலாம், எங்கே வரி வசூலிக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் அவருடைய கடன்காரர்களே அமர்ந்திருந்தார்கள். நவாபும் ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, 1768-இல் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் கொண்டு கடன்காரர்களின் பக்கத்திலேயே குடியமர்ந்தார்.

நாட்டைச் சீர்படுத்தத் தெரிந்த ஒருவர் அப்போது அவரிடம் இருந்தார். மதுரையை நிர்வகித்த முஹம்மது யூசுப் கான், மருதநாயகம் என்று மக்கள் அறிந்தவர். கண்மாய்களைச் சீர் செய்து, நெசவாளரை ஆதரித்து, பாழாகிக் கிடந்த பாண்டி நாட்டை மீண்டும் விளைய வைத்தவர். அவருக்கும் நவாபுக்கும் பகை மூண்டது. யூசுப் கான் சுதந்திரமாக ஆள முனைந்தார். நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டனர். 1764 அக்டோபரில் யூசுப் கான் தூக்கிலிடப்பட்டார். யார் பக்கம் எவ்வளவு குற்றம் என்று அல்லாஹ்வே அறிவான். ஆனால் நாட்டைக் கட்டக் கூடிய கை ஒன்று அன்று போயிற்று.

காவிரிக் கரை யாருடையது?

தஞ்சையிடமிருந்து கப்பப் பாக்கியை வசூலித்தால் கடன் தீரும் என்று நவாப் எண்ணினார். கவர்னர் பிகட் நடுவே நின்று 1762-இல் ஓர் உடன்படிக்கை செய்து வைத்தார். பழைய பாக்கிக்காகத் தஞ்சை மன்னர் 22 லட்சம் ரூபாய் தவணைகளில் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் கப்பமும் கட்ட வேண்டும். இதற்குக் கம்பெனி ஜாமீன்.

அதற்கடுத்து எழுந்தது கரைத் தகராறு. கல்லணைப் பக்கத்துக் காவிரிக் கரையைத் தஞ்சையார் காலங்காலமாகப் பழுது பார்த்து வந்தனர். அந்த இடம் திருச்சிச் சீமையைச் சேர்ந்தது, ஆகவே என்னுடையது, தஞ்சை ஆட்கள் அங்கே மண் வெட்டக் கூடாது என்று 1764-இல் நவாப் தடுத்தார். கம்பெனி ஆள் அனுப்பி விசாரித்து, கரையைப் பழுது பார்க்கத் தஞ்சைக்கு உரிமை உண்டு என்று முடிவு கூறிய பிறகே வேலை நடந்தது.

தண்ணீரைத் தடுப்பது நம் மார்க்கத்தில் எவ்வளவு கடுமையான விஷயம் என்பது வாசக அன்பர்களுக்குத் தெரியும். தேவைக்கு மேல் இருக்கும் தண்ணீரை மற்றவருக்கு மறுக்கக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மேல்மடைக்காரர் தம் வயல் நனைந்ததும் கீழ்மடைக்காரருக்கு விட வேண்டும் என்று பிக்ஹு நூல்கள் பாசனச் சட்டமே வகுத்திருக்கின்றன. அந்தக் கரைக்குக் கீழே வாழ்ந்தவர்களில் தஞ்சை மன்னரின் குடிகளான முஸ்லிம்களும் இருந்தனர். அதே பிரதாபசிங் மன்னர்தான் நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களில் மிக உயரமான பெரிய மனோராவைக் கட்டித் தந்தவர். 131 அடி உயரமுள்ள அந்த மனோராவில்தான் இன்றும் கந்தூரிக் கொடி ஏறுகிறது. முஸ்லிம் நவாப் தஞ்சைக்குத் தண்ணீர்க் கரையைத் தடுத்தார். ஹிந்து மன்னர் நாகூருக்கு மனோரா கட்டினார். சரித்திரத்தை உள்ளபடியே சொல்வதுதான் நமக்கு அழகு.

வயலில் நின்ற கதிருக்கு ஈடு

பிரதாபசிங்குக்குப் பின் அவர் மகன் துளஜா 1763-இல் பட்டத்துக்கு வந்தார். கப்பம் பாக்கி விழுந்தது. 1771-இல் துளஜா இராமநாதபுரத்தின் மீது படையெடுத்ததைக் காரணம் காட்டி, நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமராவும் கம்பெனிப் படையும் தஞ்சையை முற்றுகையிட்டனர். பெருந்தொகை தருவதாகத் துளஜா ஒப்புக் கொண்டு அப்போதைக்குத் தப்பினார். 1772-இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் வீழ்ந்தன. காளையார்கோவிலில் முத்துவடுகநாதத் தேவர் உயிரிழந்தார். பணமுடை தாங்காத துளஜா, 1773-இல் நாகூரையே டச்சுக்காரருக்கு விற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் தஞ்சைக் கோட்டை பிடிபட்டது. துளஜா சிறை வைக்கப்பட்டார். நாகூரும் நவாபின் கைக்கு வந்தது.

1773 முதல் 1776 வரை ஏறக்குறைய மூன்று போகங்கள் தஞ்சை நாடு நவாபின் நேரடி ஆட்சியில் இருந்தது. காவிரி பாயும் செழிப்பான மண் கையில் கிடைத்ததும், உழவருக்குத் தக்காவி கொடுத்து, உடைந்த மதகுகளைக் கட்டி, தளர்ந்த குடிகளைத் தாங்கியிருக்கலாம். அந்த நெல்லோ ஏற்கெனவே கடன்காரரின் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

பால் பென்பீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தரின் வழக்கு இதற்குச் சான்று. 1764-இல் சென்னைக்கு வந்தபோது அவருக்குச் சொற்பச் சம்பளம். தஞ்சை வரியின் மீது 1,62,000 பவுனும், வயலில் நின்ற பயிரின் மீது 72,000 பவுனும், ஆக 2,34,000 பவுன் தமக்கு வர வேண்டும் என்று 1776-இல் அவர் உரிமை கொண்டாடினார்.

வயலில் நின்ற பயிரின் மீது என்பதை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். கனி பக்குவமடைந்தது கண்ணுக்குத் தெரியும் முன் அதை விற்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வெள்ளமோ பூச்சியோ வந்து விளைச்சல் கெட்டால் ஒருவர் மற்றவரின் பொருளை எந்த நியாயத்தில் உண்பது என்பதே அத்தடையின் கருத்து. நவாப் எழுதிக் கொடுத்தது விற்பனையன்று, ஈடுதான். ஆனாலும் சம்பா நெல் பால் பிடிக்கும் முன்னரே அதன் மேல்வாரம் சென்னையில் ஒருவரின் பெட்டிக்குள் பத்திரமாகப் போய்விட்டது. நாற்று நட்டவரின் வீட்டில் அடுத்த ஆண்டு விதை நெல்லுக்கு வழி உண்டா என்று கேட்க ஆளில்லை.

இலண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்கள் தஞ்சையைத் துளஜாவிடமே திருப்பித் தரும்படி உத்தரவிட்டனர். மீண்டும் கவர்னராக வந்த பிகட், 1776 ஏப்ரலில் தஞ்சைக்குச் சென்று துளஜாவை அரியணையில் அமர்த்தினார். கடன்காரர்கள் கொதித்தெழுந்தனர். ஆகஸ்டில் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர் தங்கள் கவர்னரையே கைது செய்தனர். 1777 மே மாதம் காவலில் இருந்தபடியே பிகட் இறந்தார். தஞ்சை நெல்லின் மேல் எழுதப்பட்ட வட்டிக் கடன் ஒரு கவர்னரின் உயிருக்கே உலையாயிற்று.

ஹைதர் கலாபம்

1780-இல் ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகத்தில் இறங்கினார். ஆற்காடு வீழ்ந்தது. 1781-இல் தஞ்சைக் கோட்டை ஒன்று தவிர டெல்டா முழுவதும் சில மாதங்கள் அவர் படையின் பிடியில் இருந்தது. ஊர்கள் எரிந்தன, கால்நடைகளும் மக்களும் பிடித்துச் செல்லப்பட்டனர், மதகுகளும் கரைகளும் உடைந்தன. பஞ்சம் வந்தது. ஹைதர் கலாபம் என்று தஞ்சை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது இதைத்தான். இப்போருக்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் திருச்சி கைமாறாமல் போனதை மைசூர் மறந்துவிடவில்லை.

கலாபத்துக்குப் பின் தஞ்சையில் நடந்த ஒரு செய்தி வாக்கின் மதிப்பைக் காட்டும். வரிக் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊர் ஊராக வெளியேறினர். திரும்பி வரும்படி தஞ்சை அரசு அழைத்தது, யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், அநீதி நடக்காது என்று தாம் பொறுப்பேற்று அழைத்தபோது, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்களாம். அரசர்களின் முத்திரைக்கு இல்லாத மதிப்பு ஒரு தனி மனிதரின் வாக்குக்கு இருந்தது. சொன்ன சொல் தவறாதவர் என்ற நற்பெயருக்கு நம்மிலும் மேலானவர் யார் இருக்க வேண்டும்? நுபுவ்வத்துக்கு முன்னரே அல்அமீன் என்று ஊரார் அழைத்த நபியின் உம்மத்தல்லவா நாம்!

நவாபின் தீனும் கொடையும்

இவ்வளவும் படித்த பிறகு வாலாஜா மார்க்கப் பற்றற்றவர் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உண்மை அதற்கு நேர்மாறானது. அவர் ஆலிம்களைப் போற்றியவர். இலட்சுமணபுரியின் புகழ் பெற்ற பிரங்கி மஹல் ஆலிம் மௌலானா அப்துல் அலி அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து, கல்விக் கடல் என்று பொருள்படும் பஹ்ருல் உலூம் என்ற பட்டத்தால் சிறப்பித்தார். அப்பெரியார் 1810-இல் சென்னையிலேயே வஃபாத்தாகி வாலாஜா பள்ளியருகே அடங்கியிருக்கிறார்கள். மக்கா, மதீனாவுக்கு நவாப் காணிக்கைகள் அனுப்பி வந்தார். திருச்சி நத்தர் வலியுல்லாஹ் அவர்கள் மீது அளவற்ற பக்தி கொண்டு, அந்நகரையே நத்தர் நகர் என்று வழங்கச் செய்தார். திருவல்லிக்கேணியில் மரமும் இரும்பும் சேர்க்காமல் கல்லாலேயே கட்டிய பெரிய பள்ளிவாசல் 1795-இல் அவர் குடும்பத்தாரின் கொடையாக எழுந்தது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஸஜ்தா செய்கின்றனர். அந்த நன்மைகளை வல்ல நாயன் ஏற்றுக் கொள்வானாக.

ஆனால் அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஒரு பக்கம், அடியார்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் மறு பக்கம் என்று நம் உலமாக்கள் பிரித்துச் சொல்வார்கள். முன்னதில் ஏற்படும் குறையை அல்லாஹ் தன் கருணையால் மன்னிக்கலாம். பின்னதில் ஏற்படும் குறையை, உரிமைக்காரர் மன்னித்தாலொழிய, கணக்குத் தீர்த்தே ஆக வேண்டும். வாலாஜாவின் கை கொடையில் தாராளமானது. ஆனால் அந்தக் கைக்கு வந்த பொருளின் பெரும்பகுதி கடனும், கடனுக்கு ஈடான குடியானவரின் விளைச்சலுமாக இருந்தது. அங்கேதான் சிக்கல்.

கணக்கு முடிந்த விதம்

1785-இல் நவாபின் கடன் இலண்டன் பார்லிமெண்டில் பெரிய விவாதமாயிற்று. விசாரணை எதுவும் இல்லாமலே கடன்களை ஒப்புக் கொண்டு, கர்நாடக வரியிலிருந்து தீர்த்துவிடுவதென்று மந்திரி சபை முடிவு செய்தது. எட்மண்ட் பர்க் அதை எதிர்த்து நீண்ட உரை நிகழ்த்தியும் பயனில்லை.

1795 அக்டோபர் 13-இல், ஹிஜ்ரி 1210-இல், நவாப் வாலாஜா சென்னையில் காலமானார். அவர் விருப்பத்துக்கிசைய ஜனாஸா திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு நத்தர் வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய போட்டியாளர் சந்தா சாஹிபின் கப்ரும் அங்கேயே இருப்பதாகச் சொல்வார்கள். எந்தத் திருச்சிக்காக இருவரும் போரிட்டார்களோ, அந்தத் திருச்சியில் இருவருக்கும் கிடைத்தது ஆறடி மண்.

1799-இல் தஞ்சையின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1801-இல் கர்நாடகமும் போயிற்று. வாலாஜாவின் சந்ததிக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. 1855-இல் பட்டமும் நீக்கப்பட்டது. ஆற்காட்டு இளவரசர் என்ற பெயர் பின்னர் வந்தது.

கம்பெனி 1805-இல் ஒரு கமிஷன் அமைத்து, நவாப் குடும்பத்தின் மீது மற்றவர்கள் கோரிய கடன்களை ஆராய்ந்தது. அந்த வேலை முடிய ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. வந்த கோரிக்கைகள் மூன்று கோடிப் பவுனுக்கு மேல். உண்மையென்று ஏற்றது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நாடு எந்தக் கடனுக்காக விலை போயிற்றோ, அதில் பெரும்பகுதி பொய்க் கணக்கு என்பது நாடு போன பிறகே தெரிந்தது.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது

அரசர்களின் கதை நம்மைப் போன்ற சாதாரண வீடுகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாலாஜாவின் கஜானாவில் நடந்தது சிறிய அளவில் நம் வீடுகளிலும் நடக்கிறது. மகளின் திருமணத்துக்குச் சக்திக்கு மீறி வட்டிக்கு வாங்குகிறோம். அந்த வட்டியைக் கட்ட நகையை அடகு வைக்கிறோம். நகையை மீட்க வெளிநாட்டிலுள்ள மகனின் இன்னும் வராத சம்பளத்தைக் காட்டி மீண்டும் வாங்குகிறோம். வயலில் நின்ற கதிரை ஈடு வைத்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஆகவே சில விஷயங்களில் நாம் உறுதி கொள்ள வேண்டும்.

முதலாவது, வட்டியின் வாசலை மிதிப்பதில்லை என்ற உறுதி. கொடுப்பவருக்கு மட்டுமன்றி வாங்குபவருக்கும், எழுதுபவருக்கும், சாட்சி நிற்பவருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு. வட்டியில்லாக் கடனுக்கு மஹல்லாக்கள்தோறும் பைத்துல்மால் ஏற்படுத்துவதும், இருக்கும் இடங்களில் அதை வலுப்படுத்துவதும் ஜமாஅத்தின் பொறுப்பு. பள்ளிக்கு மனாரா கட்டும் அதே ஆர்வம் இதிலும் வேண்டும்.

இரண்டாவது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது. திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தே கடனை எழுதிக் கொள்வது பற்றியதுதான். பெட்டியிலுள்ள அந்த ஒரு தாள், நம் பிள்ளைகளைப் பொய்க் கோரிக்கையிலிருந்து காக்கும். உண்மையான கடன்காரரையும் காக்கும்.

மூன்றாவது, வாக்கு. இயலாததை ஒப்புக் கொள்ளக் கூடாது. ஒப்புக் கொண்டபின் இயலாமல் போனால், ஒளிந்து திரியாமல் நேரில் போய்ச் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும்.

நான்காவது, கடன். ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டால், இவருக்குக் கடன் உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்த காலம் உண்டு. இறந்தவரின் சொத்தில் வாரிசுகளின் பங்குக்கு முந்தியது கடன். எனவே ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன்பும், கந்தூரிக்கும் மௌலூதுக்கும் செலவிடும் முன்பும், பள்ளிக்குக் கொடை எழுதும் முன்பும், நாம் யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது என்று ஒரு முறை கணக்குப் பார்ப்போம். கூலிக்காரரின் பாக்கி, மளிகைக் கடைப் பாக்கி, சகோதரிக்குத் தர வேண்டிய பாகம், மனைவியின் மஹர் எல்லாம் அக்கணக்கில் வர வேண்டும்.

யா அல்லாஹ்! மாண்டு போன அந்த மன்னர்களின் பிழைகளை மன்னிப்பாயாக. அவர்களின் போரால் வாடிய ஏழைக் குடியானவர்களின் பொறுமைக்குக் கூலி வழங்குவாயாக. எங்களை வட்டியிலிருந்தும், கடன் சுமையிலிருந்தும், வாக்குத் தவறுவதிலிருந்தும் காப்பாயாக. அடியார்களின் உரிமையைத் தீர்த்த நிலையில் உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக. ஆமீன்.